ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கடை எதற்கு?



நமது சங்கக் கூட்டங்களில் பேசப்படாத விஷயம் இல்லை. ஜி.எஸ்.டி. பற்றிப் பேசுகிறோம். உணவுப் பாதுகாப்பு உரிமம், பிளாஸ்டிக் பைக்கு அபராதம், எடைக்கல் முத்திரை, ஆன்லைன் வியாபாரம் எல்லாம் பேசுகிறோம். தேநீர் வந்த பிறகு அரசியலும் பேசுகிறோம். ஆனால், கடை வைத்திருக்கிற நாம் நம்முடைய பிள்ளைகளோடு எப்பொழுது இருக்கிறோம் என்ற பேச்சு மட்டும் நான் சங்கத்தில் இருக்கும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை. அது அவரவர் வீட்டு விஷயம் என்று நினைக்கிறோம் போலிருக்கிறது. வீட்டு விஷயம் அல்ல, தொழில் விஷயம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறேன்.

மளிகைக் கடைக்காரர் காலை 6 மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறார். பால், காய்கறி சேர்த்து வைத்திருப்பவர் 5 மணிக்கே தூக்குகிறார். அப்பொழுது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். 8 மணிக்குப் பள்ளிக்கூட வேன் வந்து பிள்ளையை ஏற்றிப் போகும்போது கடையில் கூட்டம். இரவு 10 மணிக்குக் கல்லாவை எண்ணி, அடுத்த நாள் சரக்குக்குச் சீட்டு எழுதி வீட்டுக்குப் போனால் பிள்ளை மறுபடியும் தூங்கிக்கொண்டிருக்கும். மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை பிள்ளை நம் கையைப் பிடித்துக்கொண்டு வரும். வருஷத்துக்கு 52 வீதம் பத்து வருஷத்துக்கு 520 ஞாயிறு. பதினைந்துக்கு மேல் ட்யூஷன், பொதுத்தேர்வு, சிநேகிதர்கள் என்று அதன் போக்கு வேறு. இந்த 520 உருப்படியில் நாம் எத்தனை எடுத்தோம், எத்தனை வீணாயிற்று என்று இருப்புக் கணக்கு எழுதிப் பாருங்கள். புதுக் கொள்முதல் கிடையாத சரக்கு இது.

"பிள்ளை ஞாயிற்றுக்கிழமை கடையில் என் கூடத்தானே இருக்கிறான்" என்று சிலர் சொல்வார்கள். கல்லாவில் உட்காரவைத்து, "சில்லறை கொடு, பெருங்காயம் எடு" என்று ஏவுவது ஒன்றும் தப்பில்லை. நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். ஆனால் அங்கே பிள்ளையின் முகத்தைப் பார்ப்பவர் வாடிக்கையாளர்தான். நாம் துவரம்பருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இது தொழில் விஷயம் என்றேனே, அதற்கு வருகிறேன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் முப்பது நாற்பது வருஷம் நடந்த எத்தனை கடைகள், நல்ல வியாபாரம் இருக்கும்போதே, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கைமாறியிருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். பையன் பொறியியல் படித்துவிட்டான், சென்னையில் வேலை, அதனால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பையனுக்குச் சென்னையில் வேலை பிடிக்கவில்லை, திரும்பி வந்துவிட்டான். தகப்பனாருக்குச் சந்தோஷம். கடையைப் பார்த்துக்கொள் என்றார். பையன், "எந்த வேலை வேண்டுமானாலும் செய்கிறேன், இந்தக் கடை மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். காரணம் கேட்டதற்கு, "சின்ன வயதில் நாம் எல்லாரும் சேர்ந்து எங்கேயாவது போயிருக்கிறோமா, ஒரு இடம் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்டானாம். அந்தப் பெரியவர் என்னிடம் இதைச் சொல்லும்போது அவன்மேல் கோபமாகத்தான் சொன்னார். எனக்கென்னவோ பையன் கேட்டது நியாயமாகப் பட்டது. கடையை அவன் வெறுத்ததற்கு லாப நஷ்டம் காரணமல்ல, அந்தக் கடை ஒருநாளும் சாத்தப்படாததுதான் காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1947-ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 11-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு நாள் கடையை முழுவதுமாக அடைக்கவேண்டும், அது எந்தக் கிழமை என்று கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி அறிவிப்பு வைக்கவேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கிழமையை மாற்றக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் கடைக்காரனும் மனுஷன் என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு 2019-இல், பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற கடைகளை 365 நாளும் 24 மணி நேரமும் திறந்துவைக்கலாம் என்று அரசாணை வந்தது. பின்னர் அது நீட்டிக்கப்பட்டும் வந்திருக்கிறது. அந்த ஆணையிலும் வேலை ஆட்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தந்தே தீரவேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. பெரிய கடையில் ஆட்கள் முறை வைத்து வீட்டுக்குப் போவார்கள். முதலாளியும் அவரே, ஆளும் அவரே, மீறினால் வீட்டம்மா என்று நடக்கிற நம்முடைய கடையில் யாரை யார் முறை வைத்து அனுப்புவது? ஊழியருக்கு விடுமுறை கொடு என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தச் சட்டம் உண்டு. முதலாளியைப் பிடித்து வீட்டுக்கு அனுப்ப அதிகாரி யாரும் வரமாட்டார். நாமேதான் போகவேண்டும்.

எனது யோசனை இதுதான். விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊரிலும் மளிகைக் கடைகள், மண்டிகள், மொத்தக் கடைகள் அனைத்தும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 1 மணிக்குச் சாத்தி, திங்கட்கிழமை காலை வழக்கம்போல் திறக்கவேண்டும். முழுநாள் கேட்கவில்லை. ஞாயிறு காலை வியாபாரம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். கறி எடுத்துக்கொண்டு வருகிறவர் நம் கடையில் மிளகும் சோம்பும் தேங்காயும் வாங்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். அதை விடச்சொல்லும் அளவுக்கு எனக்குப் புத்தி பிசகவில்லை.

உடனே வரும் ஆட்சேபணை, "நான் சாத்தினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்" என்பது. சரியான ஆட்சேபணை. அதனால்தான் ஒருவர் மட்டும் செய்து பிரயோஜனமில்லை, சங்கம் தீர்மானம் போடவேண்டும் என்கிறேன். அடுத்தது, "நாம் எல்லாரும் சாத்தினாலும் சூப்பர் மார்க்கெட் திறந்திருக்குமே, செல்போனில் தட்டினால் வீட்டுக்கே கொண்டுவருகிறானே" என்பது. அதுவும் உண்மைதான். ஆனால் ஏ.சி. கடைக்குப் போகிற வாடிக்கையாளர் நாம் ஞாயிறு மாலை திறந்து வைத்திருப்பதால் போகாமல் நின்றுவிட்டாரா? அவர் போவது வேறு காரணத்துக்கு. நம்மிடம் வருகிறவர் கடன் சொல்லலாம், கால் கிலோ வாங்கலாம், பூச்சி இருந்தால் திருப்பித் தரலாம் என்பதற்காக வருகிறார். அவர் ஞாயிறு மாலை இல்லையென்றால் திங்கள் காலை வருவார்.

இதை நான் யூகத்தில் சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது மளிகைக் கடைகள் காலை 6 மணி முதல் மதியம் 1 மணி வரைதான் என்று அரசாங்கம் வரையறுத்தது. முதல் இரண்டு மூன்று நாள் தள்ளுமுள்ளு இருந்தது. பிறகு ஜனங்கள் 1 மணிக்குள் வாங்கப் பழகிக்கொண்டார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றபோது கடையைத் திறக்க முடியாமல் தவித்தவர்கள் நம்மில் பலர். தண்ணீர் வடிந்து திறந்த அன்றே பழைய வாடிக்கையாளர் பையோடு வந்து நின்றார். புயலுக்கும் நோய்க்கும் சாத்தலாம், பிள்ளைக்குச் சாத்தக்கூடாது என்றால் அது என்ன நியாயம்?

ஒரே ஒரு தரப்பாருக்கு மட்டும் என்னிடம் சுலபமான பதில் இல்லை. வாடகைக் கடை, தினசரித் தண்டல் கட்டுகிறவர், வாரச் சீட்டுப் போட்டிருப்பவர், இவர்களுக்கு ஞாயிறு மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை நடக்கும் வியாபாரம்தான் அந்த வாரத்துச் செலவுக்கு ஆகும். அவர்களிடம் போய் "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சுற்றிப் பாருங்கள்" என்று உபதேசம் செய்வது நன்றாயிராது. இதில் மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் பங்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வசூலுக்கு ஆள் அனுப்புவதை நாங்கள் நிறுத்தவேண்டும். திங்கட்கிழமைத் தவணையை இப்படிப்பட்டவர்களுக்குப் புதன்கிழமைக்குத் தள்ளிக் கொடுக்கவேண்டும். இரண்டு நாள் தள்ளினால் எங்கள் வீடு முழுகிவிடாது. என் கடையைப் பொறுத்தவரை இதை நான் செய்யத் தயார் என்று இந்த இதழ் மூலமாகவே எழுத்தில் தருகிறேன். மற்ற மொத்தக் கடைக்காரர்கள் என்மேல் கோபித்துக்கொண்டாலும் சரி.

மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் சாத்தலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அது நடக்காது. எந்த ஞாயிறு என்பது வாடிக்கையாளருக்கும் ஞாபகம் இராது, நமக்கும் இராது. இரண்டாம் மாதமே குழம்பிப்போகும்.

நிற்க. கடையைச் சாத்தியாயிற்று, பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது? நம் ஊரில் என்ன இருக்கிறது, சினிமாக் கொட்டகை விட்டால் புதுச்சேரிக் கடற்கரை என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். (பாண்டி என்றதும் நம்மில் சிலருக்கு வேறு நினைப்பு வரும். பிள்ளைகளோடு போகிற நாளில் அந்த நினைப்பு வேண்டாம்.) ஆனால் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நம்மைச் சுற்றி இருப்பதைக் கண்டுகொள்ளாமலே பாதிப் பேர் கிழவர்களாகிவிட்டோம்.

முதலில் செஞ்சிக் கோட்டை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை சாலையில் 30 கிலோமீட்டருக்குள், விழுப்புரத்திலிருந்து 40 கிலோமீட்டருக்குள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, பன்னிரண்டாவது நம் செஞ்சி. உலகம் முழுவதும் பேசப்படும் இடத்துக்கு, திண்டிவனத்துப் பிள்ளை பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் ஒரு தடவை போயிருந்தால் அதிகம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மூன்றையும் சேர்த்து மதில். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும், பிள்ளைகள் ஓடியே ஏறிவிடுவார்கள். ஏற முடியாதவர்கள் கீழேயே உட்காரலாம், பார்க்க வேண்டியது கீழேயும் நிறைய உண்டு. கல்யாண மகால், குதிரை லாயங்கள், யானைக்குளம், வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லாகான் மசூதி எல்லாம் அடிவாரத்தில்தான். நம்மைப் போன்றவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டியது அங்கே இருக்கும் தானியக் களஞ்சியம். வளைந்த கூரையும் பருத்த சுவருமாக எழுப்பியிருக்கிறார்கள். 1677-இல் சிவாஜி மகாராஜா இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் காலத்துக்குப் பின் அவருடைய மகன் ராஜாராம் இங்கே வந்து இருந்துகொண்டார். மொகலாயப் படை 1690-இல் முற்றுகை போட்டு 1698-இல்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. உள்ளே இருந்தவர்கள் அத்தனை காலம் எதைச் சாப்பிட்டார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் பதில் சொல்வதற்குள் களஞ்சியத்தைக் காட்டுங்கள். வெடிமருந்தைப் போலவே நெல்லும் சண்டை போடுகிறது என்பதை மளிகைக் கடைக்காரர் பிள்ளைக்கு வேறு யார் சொல்லிக்கொடுப்பது? அங்கே உள்ள குளங்களில் ஒன்றுக்குச் செட்டிக்குளம் என்று பெயர். கோட்டைக்குள் நம்மவர் ஒருவர் பெயர் நிற்கிறது. ராஜா தேசிங்கு கதையைச் சொல்ல மறக்காதீர்கள். அவர் 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு சண்டையிட்டு இறந்தவர். அவரைப் பற்றிய நாட்டுக்கதைகளும் கூத்தும் நம் தாத்தா காலத்துப் பொழுதுபோக்கு.

தொல்பொருள் துறையின் கோட்டையாதலால் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு விஷயம்: மலையேற வேண்டுமானால் மத்தியானம் கடை சாத்திவிட்டுப் போவது சரிப்படாது, வெயில் பாறையில் அடிக்கும். அதற்கு வணிகர் தினம் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். மே 5 அக்கினி நட்சத்திர வெயில், வேண்டவே வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள், குரங்குகள் உங்களுக்கு முன்னால் சாப்பிட்டுவிடும்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. சுமார் 20 கிலோமீட்டர். மகேந்திரவர்மன் 1400 வருஷத்துக்கு முன்னால் குடைந்த குகைக்கோயில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் மும்மூர்த்திகளுக்கும் கோயில் அமைத்தேன் என்று அந்த ராஜா கல்லிலேயே எழுதிவைத்திருக்கிறான். ஞாயிறு பிற்பகலுக்கு இது அருமையான இடம். சின்னது, அரை மணியில் பார்த்துவிடலாம். பிறகு பாறை நிழலில் உட்கார்ந்து கொண்டுபோன சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு வரலாம். தளவானூர், பனமலை இரண்டும் இதே போன்றவை, பல்லவர் காலத்தவை, கூட்டம் இராது.

வானூர் வட்டத்தில் திருவக்கரை. வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் பௌர்ணமிக்குப் போகிறவர்கள் நம்மில் அநேகர். பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மரத்தின் வளையம் அப்படியே தெரியும், தட்டினால் கல். கிளையோ இலையோ வேரோ கிடையாது. ஆகவே வேறு எங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரங்கள் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். பிள்ளைகள் ஒரு துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். கூடாது, அது அரசாங்கச் சொத்து.

அடுத்தது நான் மிகவும் வற்புறுத்துவது, மரக்காணம் உப்பளம். நம் கடையில் வருஷம் முழுவதும் உப்பு விற்கிறோம். உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நம் பிள்ளை "பாக்கெட்டிலிருந்து" என்று சொல்லும். திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம். அங்கே பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் தேக்கி, வெயில் காய்ச்சக் காய்ச்ச, வெள்ளையாக அடியில் படிவதையும், ஆணும் பெண்ணும் வாரிக் குவிப்பதையும் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். வடகிழக்குப் பருவமழையின்போது உப்பு எடுக்க முடியாது. மாசி, பங்குனியில் போனால் வேலை நன்றாக நடக்கும். பாத்திக்குள் இறங்காமல் வரப்பில் நின்று பார்க்கவேண்டும், அங்கே வேலை செய்கிறவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவேண்டும். அவர் காலைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, ஒரு கைப்பிடி உப்பைக் கீழே சிந்துவதற்கு யோசிக்கும். பக்கத்தில் கழுவெளி ஏரி. புலிக்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரை வெளிநாட்டுப் பறவைகள் வரும். வேடந்தாங்கலுக்குப் போகிறோம், வீட்டுக் கொல்லையில் இருப்பதை விட்டுவிடுகிறோம்.

இதுபோல "சரக்கு எங்கிருந்து வருகிறது" என்று காட்டும் பயணம் ஒவ்வொன்றும் நமக்குச் செலவில்லாத பொழுதுபோக்கு. மல்லாட்டை பிடுங்குகிற நாளில் தெரிந்த விவசாயி ஒருவர் நிலத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பச்சைக் காயைச் செடியோடு பிடுங்கித் தின்ற பிள்ளை சிப்ஸ் பாக்கெட்டைக் கொஞ்ச நாள் மறந்திருக்கும். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று விதைக்குப் பெயர் சொல்கிறோமே, அந்த டி.எம்.வி. என்பது திண்டிவனம்தான். நம் ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களுக்கு ஊர்மேல் ஒரு மதிப்பு வரும். திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்று பொருள்படும் வடமொழிப் பெயரிலிருந்து வந்ததென்று பெரியவர்கள் சொல்வார்கள். புளி மூட்டையை அவிழ்க்கும்போது பிள்ளையிடம் இதையும் சொல்லுங்கள்.

தை 5-ஆம் தேதி ஆற்றுத் திருவிழாவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. தென்பெண்ணையில் பிடாகம், பேரங்கியூர் என்று ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும். மணலில் ராட்டினம், பொரி, கரும்பு, சுருளிக் கிழங்கு. நம் தென்னாற்காட்டுக்காரர்களுக்கு இது பொங்கலின் பாக்கி. அன்று கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஊரே ஆற்றுக்குப் போய்விட்டது, வியாபாரமே இல்லை" என்று ஈ ஓட்டுகிறவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

எல்லா வாரமும் வெளியே போக முடியாது, செலவும் ஆகும். வீட்டிலேயே இருந்தாலும் போதும். டெலிவிஷனையும் செல்போனையும் இரண்டு மணி நேரம் மூடிவைத்தால் பொழுது தானாக நிறையும். பல்லாங்குழிக்குக் கடையில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமா? ஆடுபுலி ஆட்டத்துக்கு மூன்று புளியங்கொட்டை புலி, பதினைந்து உளுந்து ஆடு, தரையில் சாக்கட்டியால் கட்டம். பெண் பிள்ளைகள் தாயம் உருட்டினால் ஆண்கள் யாரும் கிட்டே நிற்க முடியாது. சதுரங்கம் தெரிந்தவர்கள் அதைச் சொல்லிக்கொடுக்கலாம். 2024 டிசம்பரில் உலகப் பட்டம் வென்ற குகேஷ் சென்னைப் பிள்ளை, அப்பொழுது அவருக்கு வயது 18.

எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு உண்டு. என் தகப்பனார் அமாவாசை அன்று மத்தியானத்தோடு கடையைச் சாத்திவிடுவார். சாப்பிட்டபின் ஒரு தட்டில் பச்சைப்பயறை எடுத்து, ஆளுக்கு ஒரு கை அள்ளச் சொல்வார். அள்ளியது எவ்வளவு எடை என்று அவரவர் சொல்லவேண்டும். பிறகு தராசில் போட்டுப் பார்ப்போம். கிட்டத்தில் சொன்னவருக்கு ஒரு வெல்லக்கட்டி. அவருக்கு வீசையும் பலமும்தான் வாயில் வரும், எங்களுக்குக் கிராம். அதனால் ஒவ்வொரு தடவையும் சண்டை. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி என்ற வாய்ப்பாட்டை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, அந்தத் தட்டைச் சுற்றி உட்கார்ந்துதான் படித்தேன். இப்பொழுது என் பேரப்பிள்ளைகள் இதை எலக்ட்ரானிக் தராசில் விளையாடுகிறார்கள். மூன்றாவது பேத்தி ஐந்து கிராம் வித்தியாசத்தில் சொல்லிவிடுகிறாள். கடைக்கு வந்த சரக்கு வண்டிக்காரர் ஒருவர் அவளோடு பந்தயம் கட்டித் தோற்றுப்போனார். செய்தித்தாளில் பொட்டலம் மடிக்கச் சொல்லிக்கொடுங்கள். உணவுப் பண்டத்தை அச்சுத்தாளில் கட்டக்கூடாது என்று இப்பொழுது விதி, அதனால் விளையாட்டுக்கு மட்டும். ஒரு நிமிஷத்தில் யார் அதிகம் மடிப்பது என்று போட்டி வையுங்கள். நம் கையில் இருந்த வேகம் பிள்ளைகளுக்கு வேடிக்கையாகவும் இருக்கும், கொஞ்சம் மரியாதையாகவும் இருக்கும்.

சில எச்சரிக்கைகள். சரக்கு ஏற்றும் வண்டி வீட்டில் சும்மாதானே நிற்கிறது என்று குடும்பத்தை அதில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம், விபத்து நேர்ந்தால் காப்பீடும் கிடைக்காது. மரக்காணத்திலும் பாண்டிப் பக்கத்திலும் கடலில் இறங்கவேண்டாம், கரையில் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச்சொன்னால் யாரும் கேட்கமாட்டீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் மாதச் சாமான் பட்டியலைத் திங்கட்கிழமை பார்த்தால் போதும். வேலைக்கு இருக்கும் பையன்களின் குடும்பத்தையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சேர்த்து அழைத்துப் போங்கள். மூட்டை தூக்குகிறவர் பிள்ளைக்கும் 520 ஞாயிறுதான்.

வருகிற பொதுக்குழுவில் ஞாயிறு 1 மணித் தீர்மானத்தை நான் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். எதிர்ப்பவர்களும் வந்து பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். தீர்மானம் நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும் தை மாதத்தில் ஒரு ஞாயிறு முழுநாள் செஞ்சிக்கு வேன் ஏற்பாடு செய்யலாம் என்றிருக்கிறேன். இரண்டு வேன் என்றால் ஏழெட்டுக் குடும்பம் தாராளமாகப் போகலாம், வாடகையைப் பங்கிட்டுக்கொள்வோம். வர விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்து நோட்டில் பெயரையும், பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது என்பதையும் எழுதிவையுங்கள். புளிசாதம், தயிர்சாதம் என் வீட்டிலிருந்து வரும். ஊறுகாய் மட்டும் உங்களுடையது.